ஒரு விளக்கை அணைத்தால் மறு விளக்கும் அணைவதேன்?

இரவு ஒன்பது மணி. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் இரண்டு காம்பராக்கள் கொண்ட வீடு. முன் காம்பராவில் அப்பாயி பாயை விரித்துவிட்டார். உள் காம்பராவில் பேத்தி, க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குரிய கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து அமர்ந்திருக்கிறாள். அப்பாயி எழுந்து தம் காம்பராவின் ஆளியைத் தட்டுகிறார். முன் விளக்கு அணைகிறது. அக்கணமே உள் விளக்கும் அணைந்துவிடுகிறது.

“அப்பாயி! லைட்ட நிப்பாட்டாதீங்க. இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு.”

“வெளிச்சம் மூஞ்சியில அடிச்சா எப்படித் தாயி தூக்கம் வரும்? ஒங்கம்மாவும் வெள்ளன பெரட்டுக்குப் போகணுமில்ல?”

இவ்வழக்கில் நியாயம் எவர் பக்கம் என்று கேட்டால், இருவர் பக்கமும் என்றே நாம் தீர்ப்புக் கூறுவோம். பகலெல்லாம் உழைத்த உடலுக்கு இருள் வேண்டும்; படிக்கும் பிள்ளைக்கு ஒளி வேண்டும். குற்றம் இவ்விருவரிடத்தும் இல்லை. கூரைச் சலாகையோடு ஓடும் கம்பியிலேதான் குற்றம் இருக்கிறது. இரவுதோறும் நிகழும் இந்தச் சிறு பூசலைத் தீர்க்க ஒரு துண்டுக் கம்பியும், அதனை எவ்விடத்தில் தொடுக்கவேண்டும் என்னும் அறிவுமே போதும். அவ்வறிவை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரம் நம் நோக்கம்.

முதலிற் சில பெயர்களை அறிந்துகொள்வோம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. அது இரண்டு கம்பிகளின் வழியாக வீட்டினுள் நுழைகிறது. ஒன்று உயிர்க்கம்பி, மற்றையது நொதுமற்கம்பி. உயிர்க்கம்பியில் வரும் மின்னோட்டம் விளக்கினூடு சென்று, நொதுமற்கம்பி வழியே திரும்பவேண்டும். இந்த வழி முழுவதும் முறிவின்றி இருந்தாலன்றி விளக்கு எரியாது. மூன்றாவதாகிய புவிக்கம்பி காவலுக்கு நிற்பது. வழமையான வேளையில் அதற்கு வேலையில்லை. பழைய வீடுகளில் உயிர்க்கம்பி சிவப்பாகவும், நொதுமற்கம்பி கறுப்பாகவும், புவிக்கம்பி பச்சையாகவும் இருக்கக் காண்கிறோம். புதியவற்றில் முறையே கபிலம், நீலம், மஞ்சட்கோடிட்ட பச்சை. நாம் ‘சுவிட்ச்’ என்று சொல்லும் ஆளி, இவ்வழியை வேண்டியபோது முறித்து, வேண்டியபோது இணைக்கும் ஒரு சிறு பாலமேயன்றி வேறில்லை.

இனி நமக்குப் பழக்கமான பீலிக்கரைக்குச் செல்வோம். மலையூற்றிலிருந்து பெரிய குழாயொன்று லயத்தை நோக்கி வருகிறது. முதல் வீட்டார் அதிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்து, அதில் ஒரு திருகு வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டாருக்கும் நீர் வேண்டும். அவர்கள் தங்கள் கிளையைப் பெரிய குழாயிலேயே பொருத்தினால் முதல் வீட்டார் திருகை மூடினாலென்ன, திறந்தாலென்ன? தங்கள் நீர் தங்களுக்கு வரும். மாறாக, கிட்டவே இருக்கிறதென்று முதல் வீட்டின் திருகுக்கு அப்பாலுள்ள துண்டிலே பொருத்திவிட்டால், முதல் வீட்டார் மூடும்போதெல்லாம் இவர்களுக்கும் நீர் நின்றுவிடும். இவர்களிடமும் ஒரு திருகு இருக்கலாம். ஆயினும் அது இருக்கும் நீரை நிறுத்த உதவுமேயல்லாமல், இல்லாத நீரைக் கொணர உதவாது.

நம் பேத்தியின் ஆளிக்கு நேர்ந்ததும் இதுவே. அவளது காம்பராவுக்கு உயிர்க்கம்பியை எடுத்தவர், அதனை மூலத்திலிருந்து எடுக்கவில்லை; அப்பாயியின் ஆளிக்கு அப்பால், முன் விளக்கின் தாங்கியிலிருந்து எடுத்துவிட்டார். அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. இரு கம்பிகளும் அருகருகே கிடைக்கும் இடம் விளக்குத் தாங்கியே. அங்கிருந்து எடுத்தால் கம்பி மிச்சம், வேலையும் மிச்சம்.

லயத்து வீடுகளில் இக்குறை மிகுதியாக ஏற்படுவதற்கு அவ்வீடுகள் வளர்ந்த விதமும் ஒரு காரணமாகும். ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் கட்டப்பட்ட பழைய காம்பராவுக்கு மின்சாரம் வந்தபோது ஒரு விளக்கே பெரும் பேறாயிருந்தது. பின்னர் பிள்ளைகள் வளர்ந்தனர். இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை ஆக்கினார்கள். பின்புறம் குசினியை நீட்டினார்கள். புதிய அறை எழுந்தபோதெல்லாம் பழைய விளக்கிலிருந்து ஒரு வால் நீண்டது. வீடு கிளைவிட்டு வளர்ந்தது. கம்பியோ கிளைவிடாமல் வாலாகவே வளர்ந்தது.

ஆயினும், ஒன்றை அணைத்தால் மற்றொன்று அணையும் வீடுகளிலெல்லாம் குறை ஒரே வகையினதன்று. நோயை அறிந்தே மருந்து கொடுக்கவேண்டும். மாணவர்கள் எந்தக் கம்பியையும் தொடாமலே இதனைக் கண்டறியலாம். ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுக: இரண்டு ஆளிகளும் மூடிய நிலை, முதலாவது மட்டும் திறந்த நிலை, இரண்டாவது மட்டும் திறந்த நிலை, இரண்டும் திறந்த நிலை. இங்கே ‘திறந்த’ என்பது விளக்கைப் போடும் நிலையைக் குறிக்கும். பாடநூலில் சுற்று ‘மூடப்படுவது’ இந்நிலையிலேயே என்பதை விஞ்ஞான மாணவர் மனத்திற் கொள்க. ஒவ்வொரு நிலையிலும் எந்த விளக்கு எரிகிறது, எவ்வளவு ஒளியோடு எரிகிறது என்று குறித்துக்கொள்க.

முதலாவது ஆளி மட்டும் போட்டால் முதல் விளக்கு எரிகிறது. இரண்டாவது மட்டும் போட்டால் ஒன்றும் எரியவில்லை. இரண்டையும் போட்டால் இரண்டும் முழு ஒளியோடு எரிகின்றன. இது நாம் மேலே கண்ட குறை. இரண்டாம் ஆளி முதலாம் ஆளிக்கு அடிமைப்பட்டிருக்கிறது.

ஓர் ஆளி இரண்டு விளக்குகளையும் ஒருங்கே எரிக்கிறது. மற்ற ஆளி எதற்கும் பயன்படவில்லை. இது இரண்டாவது குறை. இரண்டு விளக்குகளும் ஓர் ஆளிக்குப் பின்னே கட்டப்பட்டுள்ளன. மற்ற ஆளி கம்பி விடுபட்டோ உள்ளே பழுதுற்றோ இருக்கவேண்டும்.

இரண்டு ஆளிகளையும் போட்டாலன்றி எதுவும் எரியவில்லை. எரியும்போதும் இரண்டும் மங்கலாகவே எரிகின்றன. இதுவே மூன்றாவது குறை. இங்கே இரு விளக்குகளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு விளக்கினூடு சென்ற மின்னோட்டமே மறு விளக்கினூடும் செல்லவேண்டியிருக்கிறது.

தொடரிணைப்பு என்பது யாது என்பதை ஹட்டன், நோர்வூட் பகுதி மாணவர்கள் தங்கள் ஆற்றோரத்திலேயே காணலாம். கெகல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர், 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அவ்வாறு வெளியேறும் நீர் நோர்ட்டன் தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து பழைய லக்சபான நிலையத்துக்கு இறங்குகிறது. பின்னர் பொல்பிட்டியவுக்கும் செல்கிறது. ஒரே நீர் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிலையங்களில் வேலை செய்கிறது. மலையின் மொத்த உயரத்தை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. காசல்ரீயின் வாயிலை அடைத்தால் அந்த நீர் கீழுள்ள எந்த நிலையத்துக்கும் வராது.

தொடராக இணைத்த விளக்குகளும் அவ்வாறே 230 வோல்ற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒத்த இரண்டு 60 வாற்று இழைக் குமிழ்களானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 115 வோல்ற்று. அழுத்தம் பாதியானால் வலு காற்பங்காகும். ஆகவே, இழையின் தடை மாறாதென்று கொண்டால், 60 வாற்றுக் குமிழ் 15 வாற்று அளவிலேயே எரியும். உண்மையில் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவாதலின் இது சற்று மிகும். ஆயினும் புத்தகம் படிக்க அவ்வொளி போதாது. இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ்களைத் தொடராக இணைத்தாலோ, அவற்றினுள்ளிருக்கும் இலத்திரனியற் கருவி குழம்பி, அவை மினுங்குவதும் எரிய மறுப்பதும் உண்டு.

மாணவர்களுக்கு இங்கே ஒரு புதிர் தருகிறோம். 100 வாற்று இழைக் குமிழொன்றையும் 40 வாற்று இழைக் குமிழொன்றையும் தொடராக இணைத்தால் எது அதிக ஒளி தரும்? நூறுதான் என்று அவசரப்பட்டு விடையளிக்கவேண்டாம். 40 வாற்றுக் குமிழின் தடையே அதிகம். இரண்டினூடும் ஓடுவது ஒரே மின்னோட்டமாதலால், தடை அதிகமானதே அதிக வலுவைப் பெறும். சிறியதே பெரியதைவிடப் பிரகாசிக்கும்!

உலகமும் இப்பாடத்தைச் சிரமப்பட்டே கற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர வீதிகளை ஒளியூட்டிய வில் விளக்குகள் பெரும்பாலும் தொடராகவே இணைக்கப்பட்டன. வரிசை முழுவதையும் ஒருங்கே ஏற்றி ஒருங்கே அணைக்கும் வீதிக்கு அது பொருந்தியது. வீட்டுக்கு அது பொருந்துமா? அடுத்த அறையிலுள்ளவர் உறங்கும்போது நாமும் இருளில் இருக்க உடன்படுவோமா? 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் நியூயோர்க் நகரின் பேர்ல் வீதியில் எடிசன் தமது மின்நிலையத்தை இயக்கியபோது, விளக்குகள் சமாந்தரமாக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு விளக்கும் மூலத்திலிருந்து தனக்கெனத் தனிவழி பெற்றது. ஒன்றை அணைத்தாலும், ஒன்று கெட்டுப்போனாலும், மற்றவை எரிந்தன. மின்சாரம் வீட்டினுள் புகுவதற்குக் குமிழ் மட்டும் போதவில்லை. இந்த இணைப்பு முறையும் வேண்டியிருந்தது.

சரியான முறை இதுதான்: எடுத்த எடுப்பில் உயிர்க்கம்பி ஒவ்வோர் ஆளியின் நுழைவாயிலுக்கும் நேரே செல்லவேண்டும். நொதுமற்கம்பி ஒவ்வொரு விளக்குக்கும் நேரே செல்லவேண்டும். ஆளியின் வெளிவாயிலிலிருந்து அதற்குரிய விளக்குக்கு ஒரு தனிக்கம்பி செல்லவேண்டும். இதில் மாற்றமில்லை. ஐந்து அறையானாலும் பத்து அறையானாலும் இதே விதியே.

நம் அப்பாயியின் வீட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். அவரது ஆளியின் நுழைவாயிலில் மூலத்து உயிர்க்கம்பி எப்போதும் காத்திருக்கிறது. ஆளியைப் போட்டாலும் நிறுத்தினாலும் அங்கே மின்சாரம் உண்டு. அவ்விடத்திலிருந்து ஒரு கம்பியைப் பேத்தியின் ஆளியின் நுழைவாயிலுக்குக் கொண்டுசென்று, முன் விளக்கிலிருந்து வந்த பழைய உயிர்க்கம்பியை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. நொதுமற்கம்பியை முன்போலவே விடலாம். ஏனெனில் அதன் வழியில் ஆளி எதுவும் இல்லை. சுவரில் மேலேற 6 அடி, குறுக்கே 12 அடி, கீழிறங்க 6 அடி: ஆக 24 அடிக் கம்பி. விளக்குச் சுற்றுக்குரியது கடையில் ‘1/1.13’ என்று கேட்டு வாங்கும் கம்பி. 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே இழை என்பது அதன் பொருள். அதன் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றர். இரவுதோறும் வந்த பூசலுக்கு இவ்வளவே விலை.

ஆனால், இவ்வேலையை வீட்டிலுள்ளோர் தாமே செய்யத் துணியவேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக்கொண்டே செய்விக்கவேண்டும். வீட்டாரின் கடமை, குறையைத் தெளிவாக அறிந்து சொல்வதும், செய்யப்பட்ட வேலை சரிதானா என்று பார்ப்பதுமாகும். லயத்து வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தனிவீட்டில் பிரதான ஆளியை நிறுத்தினால் வீடு முழுவதும் மின்சாரமற்றதாகும் என்று பெரும்பாலும் நம்பலாம். லயத்திலோ, எப்போதோ ஒரு தேவைக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கம்பி இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். நம் ஆளியை நிறுத்தினால் நம் விளக்கு அணையும். அயல்வீட்டுக் கம்பி அணையாது. செத்த கம்பி என்று எண்ணித் தொட்டவருக்கு அதுவே எமனாகும். ஆகவே, நிறுத்திய பின்னும் சோதிப்பானால் சோதித்துப் பார்த்தே கை வைக்கவேண்டும். அறிந்த மின்வினைஞர் இதனை ஒருபோதும் மறவார்.

கடன் வாங்கிய கம்பியால் வேறொரு தொல்லையும் உண்டு. நாம் ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று கூறும் காவற்கருவி, வெளியே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பிவரும் மின்னோட்டத்தையும் எந்நேரமும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது, இரண்டுக்குமுள்ள வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டும்போதோ மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விளக்கொன்று ஒரு வீட்டின் உயிர்க்கம்பியையும் அடுத்த வீட்டின் நொதுமற்கம்பியையும் பற்றிக்கொண்டிருந்தால், 9 வாற்றுக் குமிழொன்றே ஏறக்குறைய 40 மில்லி அம்பியர் வேறுபாட்டை உண்டாக்கும். விளக்கைப் போட்டவுடன் வீடே இருளும். ‘இந்தச் சனியன் சும்மா சும்மா விழுகிறது’ என்று சினந்து அக்கருவியைக் கழற்றி எறிவோரும் உளர். நோயை விட்டுவிட்டு வைத்தியரை விரட்டுவது போன்றது அது.

அணைத்த பின்னும் எல்.ஈ.டி. குமிழ் இருளில் மெல்ல மினுங்குகிறதா? பல வேளைகளில் ஆளியை உயிர்க்கம்பியில் வைக்காது நொதுமற்கம்பியில் வைத்துவிட்டதன் அடையாளமாக அது இருக்கலாம். விளக்கு அணைந்தாலும் தாங்கியில் 230 வோல்ற்று விழித்திருக்கும். குமிழ் மாற்றப் போகும் கைக்கு அது ஆபத்து. ஆளியைத் தனித்தனியாக்கும் வேலையோடு இதனையும் பார்த்துத் திருத்துமாறு மின்வினைஞரிடம் கேட்டுக்கொள்க.

இன்னுமொன்று. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. பனியும் தூறலும் இங்கே சுவரோடு உறவாடுகின்றன; ஒழுகும் தகரக் கூரையின் கீழ்க் கம்பியுறை முதுமையடைகிறது. வெறுங்கையால் முறுக்கி நாடா சுற்றிய இணைப்புகளில் ஈரம் புகுந்தால், மின்னொழுக்கும் வெப்பமும் தோன்றும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் அமைந்த லயத்தில், ஒரு வீட்டில் பற்றும் தீ அவ்வீட்டோடு நிற்பதில்லை. அதனால் இணைப்புகள் யாவும் மூடிய பெட்டிகளுள் இருக்கவேண்டும். விளக்குக் கம்பியிலிருந்து கேத்தலுக்கு மின்சாரம் எடுக்கவும் கூடாது. ஐந்து 9 வாற்று விளக்குகள் சேர்ந்து 45 வாற்றே. அவை இழுப்பது ஏறக்குறைய 0.2 அம்பியர். 2,000 வாற்றுக் கேத்தல் ஒன்றோ 8.7 அம்பியர் இழுக்கும். அதற்குத் தனிச் சுற்றும் தடித்த கம்பியும் வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது நம் மனம் மீண்டும் அந்த மலைப் பள்ளத்தாக்குக்கே செல்கிறது. நுவரெலியா நகருக்கு ஒளியூட்டப் பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன், இந்நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்தவேண்டும் என்று வாதிட்டார். லக்சபான நிலையம் 1950ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. அதன் ஒளி மலையிறங்கிக் கொழும்பு சென்றது. அந்த நீர் பெருகும் மலைகளில் கொழுந்து பறித்தோரின் லயங்களிலோ, அதன் பின்னரும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகளே எரிந்தன. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற ஒளி அது. அதனை ஒருவர் மற்றவரின் தயவில் நின்று துய்க்கவேண்டியதில்லை.

தனித்தனி ஆளி என்றதும், பொது ஆளி வேண்டாமென்று எவரும் கொள்ளற்க. ஆபத்து வேளையில் வீடு முழுவதையும் ஒரே தட்டில் நிறுத்தும் பிரதான ஆளி கட்டாயம் வேண்டும். அது இருக்குமிடம் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் தெரிந்திருக்கவேண்டும். எல்லோரையும் காக்கும் ஆளி ஒன்று. அவரவர் தேவைக்குரிய ஆளிகள் பல. வீட்டின் மின்சாரத்துக்கு இதுவே ஒழுங்கு.

அப்பாயி நிம்மதியாகத் தம் விளக்கை அணைக்கட்டும். உள் காம்பராவில் மீதியிருக்கும் இரண்டு கணக்குகளையும் பேத்தி செய்து முடிக்கட்டும். பிறகு அவள் தன் விளக்கைத் தானே அணைத்துக்கொள்வாள்.